விண்ணப்பம் போட்டால்தான் பசிக்குமா?

சமூக ஊடகத்தில் சுற்றும் அந்தப் பள்ளிப் பட்டியலின் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் மீண்டும் பகிரவில்லை. இலவச மதிய உணவுக்குத் தகுதியுள்ள மாணவர்களின் பெயர்ப் பட்டியலைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியது ஒரு பக்கம் இருக்கட்டும். பட்டியலில் உள்ளவர்களில் பலர் சாப்பிட வருவதில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, “அப்படியென்றால் தேவையில்லை என்றுதானே பொருள்? பசி வந்தால் பத்தும் பறந்துபோகுமே” என்று நான் மதிக்கும் ஒருவர் எழுதியதுதான் என்னை எழுதவைக்கிறது.

ஐயா, அந்தப் பத்தில் முதலாவது மானம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் மற்ற ஒன்பதும் பறந்த பிறகும் அது மட்டும் பறக்காது.

எனக்கு அந்த வயதில் அப்பாவுக்கு வேலை போனது. குடும்ப வருமானம், வீட்டிலுள்ளோர் எண்ணிக்கை என்று வரிசையாகக் கேட்ட விண்ணப்பத்தை அம்மா இரவில் உட்கார்ந்து நிரப்பினார்; ஓரிடத்தில் தொகையை அடித்துத் திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். நான் அதைக் கொடுக்கவே இல்லை. வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுந்துபோய் ஆசிரியரின் மேசையில் வைக்க வேண்டும் என்பது ஒன்றே காரணம். கணக்கு நோட்டின் அட்டைக்குள் நான்காக மடித்து வைத்துவிட்டு, கடைசி நாள் முடிந்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன். மதிய மணி அடித்ததும் நூலகத்துக்குப் போய்விடுவேன், அங்கே யாரும் “சாப்பிட்டாயா?” என்று கேட்கமாட்டார்கள். உங்கள் கணக்குப்படி நானும் தேவையில்லாதவன்.

தனி வரிசை, வேறு நிறத்தில் டோக்கன், வரிசை நகர்வதற்குள் முடிந்துவிடும் இடைவேளை, படிக்கத் தெரியாத பெற்றோரிடம் நீட்டப்படும் நான்கு பக்கப் படிவம் ஆகியவற்றைத் தாண்டி வந்தால்தான் சோறு என்று வைத்துவிட்டு, வராதவனுக்குப் பசியில்லை என்று முடிவு கட்டுவது என்ன நியாயம்? பணம் கட்ட முடியாத குழந்தையைப் பிரித்து வைக்கக் கூடாது என்று அமெரிக்கா 1946ஆம் ஆண்டின் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. எழுதி என்ன பயன்? உணவுப் பணம் பாக்கி என்று பிள்ளைகளின் கையில் முத்திரை குத்திய பள்ளிகளும் அதே நாட்டில்தான் இருந்தன. இத்தகைய அவமதிப்பைத் தடுக்கவே 2017இல் நியூ மெக்சிகோ மாநிலம் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. பின்லாந்தோ 1948 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவு போடுகிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் சமைத்த உணவு வழங்க உத்தரவிட்டபோதும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளின் ஒவ்வொரு குழந்தைக்கும் என்றுதான் சொன்னது. வருமானச் சான்றோடு வா என்று சொல்லவில்லை.

“வசதியானவர் பிள்ளைக்கும் ஏன் இலவசம்?” என்று இப்போதே ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். அந்தப் பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து அதே போன்ற தட்டில் சாப்பிட்டால்தான் என் தட்டு என்னைக் காட்டிக்கொடுக்காது என்பதற்காக. பணம் எங்கிருந்து வரும் என்பது நியாயமான கேள்விதான். ஏழ்மையைச் சரிபார்க்கும் அலுவலகத்தையும் யாரும் இலவசமாக நடத்துவதில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். “நாங்களும் கஷ்டப்பட்டுத்தான் படித்தோம், கூச்சப்படவில்லை” என்பவர்களுக்கு என் வாழ்த்துகள். உங்களுக்கு வாய்த்த தைரியம் எனக்கு வாய்க்கவில்லை. அதற்குத் தண்டனையாக ஒரு வருட மதிய உணவை நான் கட்டிவிட்டேன்.

அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அந்த இரண்டாவது கையெழுத்து இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

படத்தைப் பகிர்கிறவர்கள் பெயர்களையாவது மறைத்துவிட்டுப் பகிருங்கள். பட்டியலின் கீழ்ப்பகுதியில் ஒரு பெயரை யாரோ நீலப் பேனாவால், தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி அடித்திருக்கிறார்கள். இருநூறு பேர் விருப்பக்குறி இட்டிருக்கிறீர்கள். ஒருவர்கூடவா அதைப் பார்க்கவில்லை?