ஆமாம், நான் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை

இரண்டு நாளாக ஒரே ஸ்கிரீன்ஷாட்டைப் பதினாலு பேர் இன்பாக்ஸில் அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன். போதும்.

‘மனக்காயம், மருந்து என்று பக்கம் பக்கமாக எழுதும் அக்காக்கள் சொந்தச் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு எட்டிக்கூடப் பார்ப்பதில்லை’ என்று தன் பதிவில் எழுதியிருக்கிறார் நண்பர் ஒருவர். பெயர் போடவில்லையாம், பெருந்தன்மை. போன முகூர்த்தத்தில் மதுரையில் அப்படிப் போகாமல் இருந்த அக்கா யார் என்று அவருக்கும் தெரியும், அதற்கு இதயம் போட்ட அறுபது பேருக்கும் தெரியும். அந்த அறுபதில் எட்டுப் பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். ஆமாம், உட்கார்ந்து எண்ணினேன்.

கோபத்தில் எழுதவில்லை. நிதானமாகத்தான் எழுதுகிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: போகாமல் இருந்தது என் உரிமை. யாரையும் திட்டவில்லை, யார் வீட்டு வாசலிலும் மண்ணை வாரித் தூற்றவில்லை. பத்திரிகை வந்தது, வாங்கிக்கொண்டேன். செய்முறையை அம்மா கையில் கொடுத்தனுப்பினேன், மோதிரமும் சேர்த்து. நான் போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

பழைய நண்பர்களுக்குக் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக. 2020 பிப்ரவரியில் அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தது. செவ்வாய், வியாழன், சனி. ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். இரண்டரை வருஷத்தில் ஏறத்தாழ நானூறு தடவை. ஆரம்பித்த அடுத்த மாதமே ஊரடங்கு. ஆட்டோ முன்கண்ணாடியில் ஆஸ்பத்திரிச் சீட்டை ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு தடுப்பிலும் நிறுத்தி அப்பாவின் கையைக் காட்டுவேன், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடம் கயிறு மாதிரிப் புடைத்திருக்கும். பணத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது, அதை மறைக்க மாட்டேன். மற்றதெல்லாம் வீட்டில். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று அளந்து பாட்டிலில் ஊற்றி வைப்பேன். தாகம் தாங்காமல் கேட்டால் ஒரு ஐஸ் துண்டு. காயை நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சமையல். ருசியே இருக்காது. “வைக்கோல் மாதிரி இருக்கும்மா” என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். டயாலிசிஸுக்கு முன் எத்தனை கிலோ, பின் எத்தனை கிலோ என்று நாற்பது பக்க நோட்டுகளில் எழுதி வைத்தேன். ஆறு நோட்டு.

இதில் சித்தப்பா வந்தது இரண்டு தடவை. ஒரு தடவை கையில் நாலு இளநீர். “இயற்கையானதும்மா, ஒண்ணும் செய்யாது, அண்ணன் ஆசையாக் கேக்குறாருல்ல” என்றார். கிட்னி போனவருக்கு இளநீர் கொடுத்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தேன். அதற்கு அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் அடுக்களைக்கு வந்து, “நீதாம்மா எங்கண்ணனுக்குத் தாய்” என்று என் தலையில் கைவைத்துச் சொன்னார். சொன்னாரா? சொன்னார்.

2022 ஆடியில் அப்பா போனார். பதினாறாம் நாள் பந்தியில், பங்காளிகள் அத்தனை பேருக்கும் நடுவில், இலைக்கு முன்னால் உட்கார்ந்து அதே சித்தப்பா சொன்னது: “அண்ணனுக்குத் தண்ணி கூடக் கொடுக்காம கொன்னுட்டாங்க.”

நான் அப்போது ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அடுத்த இலைக்கும் ஊற்றினேன். கடைசி இலை வரைக்கும் ஊற்றினேன்.

‘ஏதோ துக்கத்தில் வாய் தவறி வந்திருக்கும்’ என்பார்கள். சரி, இருக்கட்டும். துக்கத்தில் தவறிய வாய், துக்கம் தெளிந்த பிறகு திரும்ப வந்திருக்கலாமே? “தப்பாப் பேசிட்டேம்மா.” இரண்டே வார்த்தை. வரவில்லை. அதற்குப் பதில் அந்தப் பேச்சு வருஷத் திவசத்தில் ஒரு தடவை, ஒரு காதுகுத்தில் ஒரு தடவை, கொஞ்சம் மசாலா கூடித் திரும்பி வந்தது.

‘கொரோனா காலத்தில் யாரால்தான் வர முடிந்தது’ என்பார்கள். ஆட்டோக்கார அண்ணனுக்கும் அதே கொரோனாதான். எதிர்வீட்டு பாய் வீட்டு அக்காவுக்கும் அதே கொரோனாதான்.

அடுத்தது, நம்மூர்க்காரர்களின் பிரம்மாஸ்திரம். நண்பர் பதிவின் கீழே ஐந்து பேர் போட்டிருக்கிறார்கள்: ‘இன்னாசெய் தாரை ஒறுத்தல்’. ஐயா, அந்தக் குறள் எந்த இயலில் இருக்கிறது என்று புரட்டிப் பார்த்தீர்களா? 314, இன்னாசெய்யாமை அதிகாரம், துறவறவியல். நான் இன்னும் துறவு வாங்கவில்லை. வீட்டுக்கடன் பாக்கியிருக்கிறது. அகழ்வாரைத் தாங்கும் நிலம் இல்லறவியலில்தானே இருக்கிறது என்று ஒரு தம்பி மடக்கினார். இருக்கிறது தம்பி, இருந்துவிட்டுப் போகட்டும். அதே வள்ளுவர் தீ நட்பு என்று தனியாக ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், அதன் கடைசிக் குறளை மட்டும் யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை:

எனைத்தும் குறுகுதல் ஓம்பல் மனைக்கெழீஇ
மன்றில் பழிப்பார் தொடர்பு. (820)

வீட்டுக்குள் வந்து உறவு கொண்டாடிவிட்டு, நாலு பேர் கூடின இடத்தில் பழிப்பவரிடம் எள்ளளவும் நெருங்காதே. அடுக்களையில் ‘தாய்’, பந்தியில் ‘கொன்னுட்டாங்க’. என் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு எழுதின மாதிரி இருக்கிறது. அவர் சண்டை போடு என்று சொல்லவில்லை, கவனியுங்கள். கிட்டே போகாதே என்கிறார். நானும் கிட்டே போகவில்லை. அதைத்தானே செய்தேன்?

‘பவுண்டரி கிவுண்டரி எல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு’ என்று ஒருவர் நக்கல், உறவுக்கு எல்லை வைப்பதைச் சொல்கிறார். ஊர் நிலத்தில் ஒரு அடி எங்கள் பக்கம் வந்துவிட்டது என்று சர்வேயரைக் கூட்டிவந்து, சங்கிலி பிடித்து அளந்து, கல் ஊன்றிவிட்டுப் போனவர் எங்கள் சித்தப்பா. அன்றைக்கு அது வெள்ளைக்காரன் சரக்கு என்று யாரும் சொல்லவில்லை. மண்ணுக்குக் கல் ஊன்றலாம், மனுஷி ஊன்றினால் திமிர்.

திமிரில் எடுத்த முடிவு என்று நினைப்பவர்களுக்கு இதையும் சொல்கிறேன். அப்பா போன பிறகு ஆறேழு மாதம் எனக்குத் தூக்கம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அந்த ஆறு நோட்டையும் விரித்து வைத்துக் கூட்டிப் பார்ப்பேன். எந்த நாளிலாவது தண்ணீரைக் குறைத்துக் கொடுத்துவிட்டேனா? அந்த ஐஸ் துண்டை இன்னொன்று கொடுத்திருக்கலாமோ? ஒரு நாள் 14416-க்கு அடித்தேன். டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. தேவைப்படுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் ஒரு பெண் பேசினார். சித்தப்பாவை விட்டு விலகு என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. “அவரைப் பார்த்துட்டு வந்த பிறகு எத்தனை நாள் தூக்கம் கெடுது, குறிச்சு வச்சிருக்கீங்களா?” என்று மட்டும் கேட்டார். எனக்குத்தான் குறித்து வைப்பது கை வந்த கலையாயிற்றே. ஆறாவது நோட்டின் மிச்சப் பக்கங்களில் எழுதினேன். பொங்கல்: நாலு ராத்திரி. திவசம்: ஒன்பது. காதுகுத்து: ஆறு. அதற்குப் பிறகு ஒரு வருஷம் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை, அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. மனக்காயம், மருந்து என்று நான் எழுதுவதாக நண்பர் கிண்டலடித்தாரே, அந்த மருந்து இந்த வெற்றுப் பக்கம்தான். கல்யாணத்துக்குப் போயிருந்தால் அதில் என்ன எண் எழுதியிருப்பேன் என்று நண்பர் சொல்லட்டும்.

இன்னொன்று. என் அண்ணனும்தான் போகவில்லை. பெங்களூரில் வேலை, லீவு இல்லையாம். சனி ஞாயிறில் நடந்த கல்யாணத்துக்கு லீவு இல்லை! அவனைப் பற்றி ஒருத்தரும் பதிவு போடவில்லை. ‘பாவம், என்ன வேலைப்பளுவோ’ என்று அத்தைகள் உச்சுக் கொட்டினார்களாம். நானூறு தடவையில் அவன் வந்தது எத்தனை என்று நான் சொல்ல மாட்டேன், அவன் இதைப் படிப்பான். பொறுமை, மன்னிப்பு, விட்டுக்கொடுத்தல் எல்லாம் பொம்பளைப் பிள்ளைக்கு மட்டும் சீரோடு சேர்த்து அனுப்பிய சாமான் போலிருக்கிறது. பித்தளை அண்டா மாதிரி. தூக்கவும் முடியாது, போடவும் முடியாது.

‘நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா யாரு வருவா?’ என்று பெரியம்மா போனில் கேட்டார். எனக்கு ஒன்று வந்துதான் போனது பெரியம்மா. யார் வந்தார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

‘கல்யாணப் பொண்ணு என்ன பாவம் செய்தாள்?’

ஒரு பாவமும் செய்யவில்லை. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவள் என்னைவிடப் பதினாறு வயது சின்னவள். முழுப்பரீட்சை லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். சடை பின்ன என்னைத் தவிர யாரையும் விடமாட்டாள், இழுத்துப் பின்னினால்தான் பிடிக்கும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் போன் செய்தாள். “அப்பா பேசுனது எனக்கும் தெரியும்க்கா. நீ வந்து தலை மட்டும் பின்னிவிட்டுட்டுப் போயிடு, பந்திக்கெல்லாம் வர வேணாம்” என்றாள். பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்றால் நம் வீடுகளில் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

நண்பருக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாமல்தான் எழுதினார். தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பார், அறுபது இதயம் சும்மாவா வரும்?

அம்மா போய்விட்டு வந்தார். தாம்பூலப் பையை மேசையில் வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. “எப்படிம்மா இருந்தா?” என்று நான்தான் கேட்டேன். “நல்லா இருந்தா” என்றார். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி அவளே போட்டோ அனுப்பியிருந்தாள். முகத்தை அனுப்பவில்லை. பின்பக்கம் திரும்பி நின்று, சடை மட்டும் தெரிகிற மாதிரி. கீழே ஒரு வார்த்தை இல்லை. நான் பார்த்துவிட்டதற்கு இரண்டு நீலக் கோடும் விழுந்துவிட்டது. நாலு நாளாகப் பதில் எழுதவில்லை. அவ்வப்போது பெரிதாக்கிப் பார்க்கிறேன். பூவெல்லாம் நன்றாக வைத்திருக்கிறார்கள். சடைதான் கோணல், பாதிக்கு மேல் தொளதொளவென்று இருக்கிறது.