உதைக்கும் காலும் ஊன்றும் காலும்

"இடது கால் ரொம்ப மெதுவாக வருகிறது, வீட்டில் தினமும் நூறு உதை கூடுதலாகப் போடு" என்று டேக்வாண்டோ மாஸ்டர்கள் மாணவர்களிடம் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். வலது கால் பழக்கமுள்ள பிள்ளைக்கு இடது உதையில் வேகம் குறைவது இயல்புதான். ஆனால் அந்தக் குறையில் பாதி, ஊன்றி நிற்கும் வலது காலைச் சேர்ந்தது என்பது என் கருத்து.

டோல்யோ சாகி என்னும் சுழல் உதையில் முழங்கால் உயர்ந்து, இடுப்பு திரும்பி, கடைசியில்தான் கீழ்க்கால் சாட்டையைப் போல விரிகிறது. இடுப்பு முழுமையாகத் திரும்ப, ஊன்றிய பாதம் முன்பாதத்தின் மேல் சுழன்று, குதிகால் இலக்கின் பக்கம் வந்தாக வேண்டும். வலது காலால் உதைத்தே வளர்ந்த மாணவனுக்கு இப்படிச் சுழலப் பழகியது இடது பாதம் மட்டுமே. ஆகவே, அவன் இடது காலால் உதைக்கும்போது உதையை வாங்கும் திண்டான பேடைப் பிடித்திருப்பவர் ஒரு நிமிடம் தரையைக் கவனிக்கட்டும்: வலது பாதம் தரைவிரிப்பில் ஒட்டிக்கொண்டு, விரல்கள் பேடையே பார்த்துக்கொண்டிருக்கும், உடல் பின்னால் சாய, திரும்பாத இடுப்புக்கு ஈடாக முழங்கால் மட்டும் வீசப்படும். அந்த நிலையில் போடும் நூறு உதையும் தவறான நிற்பைத்தான் உறுதிப்படுத்தும், முழங்காலுக்கும் நல்லதல்ல.

ஒரு கால் போதாதா என்று கேட்பவர்கள் அமெரிக்க வீரர் பில் வாலஸை உதாரணம் காட்டுவார்கள். ஜூடோ பயிற்சியில் வலது முழங்காலில் காயம்பட்டதால் இடது காலால் மட்டுமே உதைத்தவர் அவர். 1974 முதல் 1980 வரை, அடியை முழு வலுவோடு இறக்கும் முழுத்தொடர்பு கராத்தேயில் தோல்வியே காணாத உலகச் சாம்பியன். ஆனால் அந்த மின்னல் உதைகள் அத்தனைக்கும் காயம்பட்ட வலது கால்தான் ஊன்றி நின்றது என்பதை யாரும் சொல்வதில்லை. மேலும், அது ஒரு மேதை தன் காயத்துக்குக் கண்ட வழி. பத்து வயதுப் பிள்ளைக்குப் பாடத்திட்டம் ஆகாது.

இன்றைய டேக்வாண்டோ போட்டி விதிகளில் உடற்கவசத்தில் விழும் சாதாரண உதைக்கு 2 புள்ளி, தலையில் விழுந்தால் 3; எந்தக் கால் என்று கணக்கில்லை. ஆனால் இடது கால் வராது என்று தெரிந்துவிட்ட எதிராளிக்கு ஒரு பக்கத்தைக் காத்தால் போதும்.

மாஸ்டர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. உதையே இல்லாமல், இடது முழங்காலை உயர்த்தியபடி வலது பாதத்தைச் சுழற்றும் பயிற்சியைச் சில வாரம் கொடுங்கள். கைபேசியில் இரு பக்க உதைகளையும் மெதுவோட்டத்தில் எடுத்து, பாதங்களை மட்டும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். நான் பார்த்த எல்லா வகுப்பும் வலது காலில்தான் தொடங்குகிறது (ஏன் என்று எந்த மாஸ்டரும் சொன்னதில்லை). களைத்துப்போன பிறகு இடது காலுக்கு மிஞ்சுவது அரைகுறை உதைகளே. வாரத்தில் பாதி நாளாவது இடது காலில் தொடங்குங்கள்.