பவர் பட்டன்னு ஒன்று இருக்கு மக்களே

மைக்ரோவேவில் சூடு பண்ணினால் எதுவுமே வாயில் வைக்க விளங்காது என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான், எந்தப் பவரில் வைத்தீர்கள்? "அதையெல்லாம் யார் பார்த்தா, ரெண்டு நிமிஷம் வச்சேன்" என்பார்கள். அடுப்பில் பால் பொங்கி வந்தால் ஓடிப்போய்த் தீயைக் குறைக்கிற அதே ஆட்கள்தான், மைக்ரோவேவ் என்றதும் எல்லாவற்றையும் ஹையில் போட்டுவிட்டு நிமிடத்தோடு மட்டும் மல்லுக்கட்டுகிறார்கள்.

சாதாரண மைக்ரோவேவில் 50 சதவீதம் என்று வைத்தால் அலை பாதி பலத்தில் வருவதில்லை. உள்ளே அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் கொஞ்ச நேரம் முழு பலத்தில் ஓடும், அப்புறம் நிற்கும், மறுபடி ஓடும். பக்கத்தில் நின்று கேட்டால் அந்த உறுமல் வந்து வந்து போவது தெரியும். இன்வெர்ட்டர் வகையில்தான் அலை நிஜமாகவே குறைந்த பலத்தில், இடையில் நிற்காமல் வரும். அலை உணவுக்குள் சில சென்டிமீட்டர்தான் இறங்கும், நடுப்பகுதிக்குச் சூடு தானாகப் பரவிப் போக வேண்டும், அதற்கான அவகாசம்தான் அந்த நிற்கிற நேரம்.

ஃப்ரீசர் கோழிக்கறியில் இது அப்பட்டமாகத் தெரியும். பனிக்கட்டி இந்த அலையை அவ்வளவாக உறிஞ்சாது, தண்ணீர் நன்றாக உறிஞ்சும். அதனால் ஓரத்தில் முதலில் உருகிய இடமே மேலும் மேலும் சூட்டை வாங்கி வெந்துவிடும், நடுவில் கல் மாதிரி ஐஸ் அப்படியே இருக்கும். டீஃப்ராஸ்ட் பட்டன் பெரும்பாலும் 30 சதவீதத்தை ஒட்டி ஓடுவது இதற்காகத்தான். நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள், உருகியதும் தாமதிக்காமல் சமைத்துவிடுங்கள்.

இட்லிக்கு லேசாகத் தண்ணீர் தெளித்து, மூடி, பாதிப் பவர். பழைய சோறும் பிரியாணியும் அதே கதைதான், என்ன, பிரியாணியில் கறித்துண்டு பெரிதாக இருந்தால் இன்னும் குறைத்து நேரத்தைக் கூட்டலாம். வெண்ணெய் உருக்க 30 சதவீதம் போதும், ஹையில் வைத்தால் சுவரெல்லாம் தெறிக்கும், துடைக்கப்போவது யார் என்று யோசித்துவிட்டு வையுங்கள். ரசம், தண்ணியான சாம்பார் எல்லாம் ஹையிலேயே போகலாம், இடையில் கிளறிவிட்டால் சரி. அப்பளத்துக்கும் ஹைதான், இரண்டு பக்கமும் துளி எண்ணெய் தடவினால் ஒரு நிமிடத்துக்குள் பொரிந்துவிடும். அவித்த முட்டையை மட்டும் முழுசாக எந்தப் பவரிலும் வைக்காதீர்கள். உள்ளே ஆவி சேர்ந்து, வெளியே எடுத்து வாயில் வைக்கும்போதுகூட வெடிக்கும், இதில் விளையாட்டே வேண்டாம்.

அப்புறம் அந்த யூடியூப் சமையல்கள். அமெரிக்க வீடுகளில் 1,000, 1,100 வாட் மைக்ரோவேவ் சகஜம், நம் வீடுகளில் இருக்கும் 20 லிட்டர் பெட்டி பெரும்பாலும் 700, 800 வாட்தான். அவர்கள் 'ஹையில் இரண்டு நிமிடம்' என்றால் நமக்கு இரண்டரையிலிருந்து மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் வரை ஆகலாம், அவர்களுடைய 70 சதவீதமே கிட்டத்தட்ட நம்முடைய ஹை. பின்பக்க ஸ்டிக்கரில் 1,200 வாட் என்று பார்த்துவிட்டு 'நம்மளுதும் பெரிசுதான்' என்று நினைக்க வேண்டாம், அது கரண்ட் இழுக்கும் கணக்கு. பக்கத்தில் அவுட்புட் என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.