மூளை சொல்லித்தான் இதயம் துடிக்கிறதா?

"மூளை கட்டளை கொடுத்தால்தான் இதயம் துடிக்கும்" என்று இதயம் பற்றிய உங்கள் கட்டுரையில் வருகிறதே, அதை மட்டும் தயவுசெய்து திருத்துங்கள். துடிப்பைத் தொடங்கி வைப்பது இதயத்துக்குள்ளேயே, வலது மேலறைச் சுவரில் இருக்கும் சைனஸ் கணு என்ற சின்னத் திசு. மாற்று இதயம் பொருத்தும்போது நரம்புகளை இணைப்பதில்லை, ஆனாலும் அது துடிக்கிறதே! மூளை செய்வது வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பு இழுத்துப் பிடித்திருப்பதால்தான் நிமிடத்துக்கு 70 சொச்சம், அந்தப் பிடி இல்லாவிட்டால் 100 பக்கம் போய்விடும். சென்னிமலைப் படி ஏற ஆரம்பித்ததும் முதலில் அந்தப் பிடி தளரும், அப்புறம்தான் துடிப்பை முடுக்கும் அட்ரினலின் என்ற சுரப்பு வந்து சேரும்.

வால்வை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எங்கள் கோபி பக்கம் கிணற்று மோட்டாருக்கு ஃபுட்வால்வு எதற்கு என்று எந்தத் தோட்டத்துக்காரரைக் கேட்டாலும் சொல்வார், குழாயில் ஏறின தண்ணீர் மறுபடி கிணற்றுக்கே இறங்கிவிடக் கூடாதே. இதயத்தில் அதே வேலைக்கு 4 வால்வு. ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி, நிமிடத்துக்கு 5 லிட்டர். ஆனால் மோட்டாருக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு: ரத்தம் கூடுதலாக வந்து அறை விரிந்தால், அடுத்த துடிப்பே தானாகப் பலமாக இருக்கும்.

எங்கள் அப்பாரு ரெண்டு தடவை வரப்பில் மயங்கி விழுந்தார். வயசாச்சு, வெயில் வேறு என்று நாங்களும் விட்டுவிட்டோம். நாடியை எண்ணிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும், 40க்கும் கீழே. இசிஜி எடுத்த பிறகுதான் அந்தச் சைனஸ் கணுவில் கோளாறு என்றார்கள், துடிப்பைத் தூண்டிவிடும் பேஸ்மேக்கர் கருவி வைத்தார்கள். இப்போது விடிந்ததும் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறார்.