காகிதக் கொக்கு மடிப்பது மட்டும் ஆசிரியர் பயிற்சி ஆகாது

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "மிஸ், கொரியன் எழுத்தும் சைனீஸ் எழுத்துலேர்ந்து வந்ததுதானே?" நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வரலாற்றுப் பாடம் நடத்த ஆரம்பித்து அப்போதே பதினோரு வருடம். அவள் அதை நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டாள். அந்த அடிக்கோடு இன்னும் கண் முன்னால் நிற்கிறது.

அது தவறு என்று எனக்குத் தெரியவே இரண்டு வருடம் ஆனது. கொரியர்களின் ஹங்குல் எழுத்தை அரசர் செஜோங் 1443-இல் உருவாக்கி 1446-இல் அறிவித்தார். மொத்தம் 28 எழுத்துகள். நம் மக்களின் பேச்சு வேறு, சீன எழுத்து வேறு, அதனால் எளியவர்கள் மனதில் உள்ளதைச் சொல்ல முடியாமல் தவிக்கிறார்கள் என்றுதான் அவருடைய முன்னுரையே தொடங்குகிறது. "ந" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், நாக்கின் நுனி மேலே போய் ஒட்டுகிறதல்லவா, அந்த வளைவுதான் ஹங்குலில் அந்த ஒலிக்கான எழுத்து. "ம"-வுக்கு மூடிய வாயைப் போல ஒரு கட்டம். எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று நம் பழைய இலக்கணம் சொல்லால் விளக்கியதை அந்த மனிதர் கோடாகவே வரைந்துவிட்டார். இதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். சொல்ல வேண்டிய எனக்குத்தான் தெரியவில்லை.

இத்தனைக்கும் நான் பயிற்சிக்கே போகாதவள் இல்லை. அந்தக் கேள்விக்கு முந்தைய வருடம்தான் "கிழக்காசியப் பண்பாடு" என்று ஒரு நாள் பட்டறைக்கு அனுப்பியிருந்தார்கள். காலையில் படக்காட்சி. அதில் சீனப் பெருஞ்சுவர், செர்ரிப் பூ, ஒரு கொரிய நடனம். மதியம் குச்சியால் சாப்பிடக் கற்றுக்கொண்டோம், அப்புறம் எல்லோரும் காகிதத்தில் கொக்கு மடித்தோம். மாலையில் சான்றிதழ். காகிதக் கொக்கின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அழகான கலை அது. ஆனால் அன்று முழுக்க ஹிரோஷிமா என்ற பெயரை யாருமே சொல்லவில்லை. சடாகோ சசாகி என்ற குழந்தைக்கு அணுகுண்டு விழுந்தபோது இரண்டு வயது. 1955-இல், பன்னிரண்டு வயதில், இரத்தப் புற்றுநோயில் இறந்துபோனாள். மருத்துவமனைக் கட்டிலில் அவள் மடித்த கொக்குகள்தான் இன்றைக்கு உலகம் முழுக்கப் பிள்ளைகள் மடிக்கும் கொக்குகளுக்குப் பின்னால் இருக்கின்றன. அந்தக் கதை இல்லாமல் நாற்பது ஆசிரியர்கள் கொக்கு மடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு இரண்டு வருடம் கழித்து வேறொரு பயிற்சி. வாரம் ஒரு மாலை மூன்று மணி நேரம், பத்து வாரம். நடத்தியவர் அந்த நாடுகளின் மொழிகளைப் படித்த ஒரு பேராசிரியர். முதல் நாளே தெரிந்தது, இவர் எங்களை மாணவர்களாக உட்கார வைக்கப் போகிறார், வகுப்பில் நாளைக்கு என்ன செய்யலாம் என்ற பேச்சு கடைசி வாரங்களில்தான் வரும் என்று. எனக்கு அது பிடித்தது. ஆசிரியர் முதலில் பாடத்தை ஆசையோடு படிக்க வேண்டும், கற்பிக்கும் உத்தியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான்காவது வாரம் ஒரே ஒரு போர். 1592-இல் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி கொரியா மேல் படையெடுத்தார், சீனாவின் மிங் அரசு கொரியாவுக்குத் துணையாகப் படை அனுப்பியது, 1598-இல் ஹிதெயோஷி இறந்த பிறகுதான் முடிந்தது. கொரியர்கள் அந்த ஆண்டின் பெயரை வைத்து அதை இம்ஜின் படையெடுப்பு என்கிறார்கள். ஜப்பானியர் தங்கள் ஆட்சிக் காலப் பெயர்களால் சொல்கிறார்கள், சீனர்கள் தங்கள் வான்லி பேரரசரின் பெயரால் சொல்கிறார்கள். பெயர் வைப்பதிலேயே மூன்று பார்வை. எங்களை மூன்று குழுவாகப் பிரித்து குழுவுக்கொரு மூல ஆதாரத்தைக் கையில் கொடுத்தார்.

எங்கள் குழுவுக்குக் கொரியக் கடற்படைத் தளபதி யி சூன் சின் எழுதிய போர்க்கால நாட்குறிப்பிலிருந்து சில பக்கங்கள். 1597-இல் 13 கப்பல்களோடு பெரிய ஜப்பானியப் படையை ம்யொங்னியாங் நீரிணையில் தடுத்து நிறுத்தியவர் அவர். வீர வசனம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பெரும்பாலும் மழை, காற்று, உடம்பு சரியில்லை என்ற குறிப்புகள்தான். அந்த வெற்றிக்குச் சில வாரம் கழித்து வீட்டிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. உறை மேலேயே அழுகையைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். பிரிப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடுகிறது, மகன் ம்யொன் போரில் இறந்துவிட்டான் என்று. எங்கள் குழுவில் கணக்கு ஆசிரியர் ஒருவர் இருந்தார், சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தவர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். அவர் தொடர்ந்து வாசிக்கும்வரை நாங்களும் பேசாமல் இருந்தோம்.

ஜப்பான் குழு வேறு ஒன்றைக் கொண்டுவந்தது. கியோட்டோவில் காதுமேடு என்று ஒரு மண்மேடு இன்னும் இருக்கிறது. கொன்றதற்குக் கணக்குக் காட்டக் கொரியாவிலிருந்து அறுத்து அனுப்பிய பல்லாயிரக்கணக்கான மூக்குகள்தான், பெயர் காதுமேடு என்றாலும், அதற்குள். அதே போரில் பிடித்துக்கொண்டு போன கொரியக் குயவர்கள்தான் ஜப்பானில் பீங்கான் தொழிலுக்கு வித்திட்டவர்கள், இன்று நாம் வியந்து பார்க்கும் அரிதா பீங்கான் அப்படி வந்ததுதான். அழகான அந்தக் கிண்ணத்தையும் அந்த மண்மேட்டையும் ஒரே பாடத்தில் வைத்துப் பார்க்கத் தெரிய வேண்டும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நம் பாடப்புத்தகங்கள் இந்த மூன்று நாடுகளையும் தனித்தனி அறையில் அடைத்து வைத்திருக்கின்றன. சீனாவுக்குக் கொஞ்சம் அதிகப் பக்கம். ஜப்பான் 1853-இல் அமெரிக்கக் கப்பல்கள் வந்த பிறகுதான் கண் விழிக்கிறது. கொரியா 1950-இல் போருக்காக மட்டும் எட்டிப் பார்க்கிறது. அமெரிக்கக் கப்பல்கள் வருவதற்கு முன்னால் ஜப்பான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது என்று ஒரே வரி. முழுதாகச் சாத்தவே இல்லை. நாகசாகியின் டெஜிமா தீவில் டச்சுக்காரர்கள், அதே துறைமுகத்தில் சீன வணிகர்கள், சுஷிமா தீவு வழியாகக் கொரியா, தெற்கே சத்சுமா பகுதி வழியாக ரியூக்யூ தீவுகள், வடக்கே அய்னு மக்கள் என்று தொடர்பு இருந்துகொண்டுதான் இருந்தது. நாடு பூட்டிக் கிடந்தது என்று சொல்லும் அந்த ஜப்பானியச் சொல்லே 1801-இல் ஒரு டச்சு நூலை மொழிபெயர்த்தபோது உருவானதுதான். இதெல்லாம் ஆராய்ச்சியாளர்களுக்குப் பழைய செய்தி. பள்ளி ஆசிரியருக்கு வந்து சேரவில்லை, ஏனென்றால் வந்து சேர வழியே யாரும் போடவில்லை.

வழி போட முடியாததும் இல்லை. அமெரிக்காவில் ஆசியாவைக் கற்பிப்பதற்கான தேசியக் கூட்டமைப்பு என்ற அமைப்பு 1998-இலிருந்து பல்கலைக்கழகங்களின் கிழக்காசிய ஆய்வு மையங்கள் மூலமாகப் பள்ளி ஆசிரியர்களுக்கு 30 மணி நேரப் பயிற்சி நடத்துகிறது, ஃப்ரீமன் அறக்கட்டளை பணம் தருகிறது. முப்பது மணி நேரம் என்ற எண்ணைக் கவனியுங்கள். ஆறு மணி நேரத்தில் மூவாயிரம் வருடத்தை ஓட்டிக் காட்டினால் கொக்குதான் மிஞ்சும்.

"சிலபஸ்ல கிழக்காசியாவுக்கு நாலு பீரியடுதான், அதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று என்னோடு வேலை பார்ப்பவர்களே கேட்டிருக்கிறார்கள். நாலு பீரியடுதான் என்பதால்தான் கேட்கிறேன். நேரம் குறைவாக இருக்கும்போது எதை விடுவது, எதைக் கட்டாயம் சொல்வது என்று முடிவெடுக்க நிறையத் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் தெரிந்தவர் புத்தகத்தில் உள்ளதை அப்படியே வாசித்துவிட்டுப் போவார். நான் பதினோரு வருடம் அதைத்தான் செய்தேன்.

புத்தகத்தையே கேள்வி கேட்கும் தைரியமும் இந்த மாதிரிப் பயிற்சியில்தான் வரும். ஜப்பானில் இயெனாகா சபுரோ என்ற வரலாற்றாசிரியர், தான் எழுதிய பாடப்புத்தகத்தில் போர் பற்றிய பகுதிகளை அரசு மாற்றச் சொன்னதற்காக 1965-இல் வழக்குப் போட ஆரம்பித்தார். கடைசித் தீர்ப்பு வந்தது 1997-இல். சில இடங்களில் தோற்றார், ஆனால் மனிதர்கள் மேல் கிருமிச் சோதனை நடத்திய 731-ஆம் படைப்பிரிவு பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வைத்தார். பாடப்புத்தகத்துக்காக 32 வருடம். இதைத் தெரிந்துகொண்ட ஆசிரியர் "புக்ல இப்படித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர மாட்டார்.

தமிழ் தெரிந்த ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மிங் அரசின் கடலோடி ஷெங் ஹே இலங்கையின் காலி நகரில் நாட்டிய மும்மொழிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்டது, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் பக்கம் பேசுகிறது. தமிழ்ப் பகுதி விஷ்ணுவின் வடிவமான தேனாவரை நாயனாருக்குக் காணிக்கை சொல்கிறது. சீனப் பகுதியை மட்டும் வாசித்தவர் ஒரு முடிவுக்கு வருவார், மூன்றையும் வாசித்தவர் வேறு முடிவுக்கு வருவார். ஒரு பேரரசு அயலாரிடம் எப்படிப் பேசியது என்று காட்ட இதைவிட நல்ல மூலம் எனக்குத் தெரியாது, அதில் ஒரு பகுதி நம் மொழியிலேயே இருக்கிறது. ஆனால் அந்த ஒரு நாள் பட்டறையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அந்தப் பெண் பள்ளி முடித்துப் போய்விட்டாள், அவளிடம் சொல்லித் திருத்த எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. இப்போது ஒவ்வொரு வருடமும் ஹங்குலோடுதான் கிழக்காசியப் பாடத்தைத் தொடங்குகிறேன். யி சூன் சின்னின் அந்தக் கடிதப் பகுதியையும் மற்ற இரண்டு மூலங்களையும் வகுப்புக்கு ஏற்ற மாதிரி தமிழில் எளிமையாக எழுதி வைத்திருக்கிறேன், மொத்தம் ஆறு பக்கம். பாடம் நடத்துகிறவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், அன்றைக்கே அனுப்புகிறேன்.