ஜாதிக்காயும் ஒரு கையெழுத்தும்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. ஆரம்பித்து வைத்தது சித்தப்பா. "வெள்ளைக்காரன் வியாபாரத்துக்குத்தான் வந்தான். எல்லாமே ஒப்பந்தம் போட்டுத்தான் செஞ்சான். நாமதான் வாக்குத் தவறினோம்" என்று போட்டிருந்தார். அப்புறம் வழக்கம்போல ரயில், தபால், கோர்ட்டு. ரயிலுக்கு ஆயிரம் பேர் பதில் எழுதியாகிவிட்டது, அதை விடுகிறேன். என்னை உறுத்தியது "ஒப்பந்தம்" என்ற வார்த்தைதான். குழுவில் நீளமாக எழுதினால் அத்தை ஒரு குட் மார்னிங் படம் போட்டு மூடிவிடுவார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அதைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா, தங்கை குழந்தைக்கு உரைகல்லில் ஜாதிக்காய் உரசிக்கொண்டிருந்தார். (டாக்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார். அம்மா கேட்கிற ஆளில்லை.) ஒரே ஒரு காய். எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் அது எத்தனை வருஷமாக இருக்கிறதோ தெரியாது. தேய்ந்து ஒரு பக்கம் சப்பையாகிவிட்டது, உள்ளே பழுப்பும் வெள்ளையுமாக ரேகைகள் தெரிகின்றன.

அந்தக் காயின் சொந்த ஊர் பண்டா தீவுகள். இந்தோனேசியாவின் கிழக்குப் பகுதியில், வரைபடத்தில் கடுகு சிந்தியது போல இருக்கும். பல நூறு வருஷங்களுக்கு உலகச் சந்தைக்கு வந்த ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் அங்கே விளைந்தவைதான். அங்கே ராஜா கிடையாது. ஒராங் காயா என்று ஊர்ப் பெரியவர்கள், அவர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். அரிசி விளையாது. ஜாவாக்காரர்களும் மலாய்க்காரர்களும் அரிசியும் துணியும் கொண்டுவருவார்கள், காயை ஏற்றிப் போவார்கள். அந்தத் துணியில் பெரும்பங்கு நம் சோழமண்டலக் கரையில் நெய்தது. அந்தத் துணி இல்லாவிட்டால் மொலுக்காஸில், அதாவது பண்டாவும் சேர்ந்த அந்தத் தீவுக்கூட்டத்தில், வியாபாரமே செத்துவிடும் என்று டச்சு அதிகாரி ஹென்ட்ரிக் ப்ரௌவரே எழுதியிருக்கிறார். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்ததற்கு இதுதான் காரணம்.

1602-இல் டச்சுக்காரர்கள் ஒரு காகிதத்தோடு பண்டாவுக்கு வந்தார்கள். இனிமேல் ஜாதிக்காயை எங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும், எங்கள் விலைக்கு. அதுவும் காலாகாலத்துக்கும். சில ஒராங் காயாக்கள் கையெழுத்துப் போட்டார்கள். எல்லோரும் இல்லை. ராஜாவே இல்லாத ஊரில் நாலு பேர் போட்ட கையெழுத்து மற்ற எல்லோரையும் எப்படிக் கட்டுப்படுத்தும்? அதை யாரும் கேட்கவில்லை. பண்டமாற்றாக டச்சுக்காரர்கள் கொண்டுவந்த சரக்கைப் பாருங்கள், கம்பளித் துணி! பூமத்தியரேகைப் பக்கம் வேர்த்துக் கொட்டுகிற தீவில் கம்பளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சோறு வேண்டுமே. பழைய வாடிக்கைக்காரர்களுக்கும் இங்கிலீஷ்காரர்களுக்கும் விற்றார்கள். டச்சுக் கணக்கில் இது ஒப்பந்த மீறல்.

1609-இல் கேட்காமலேயே கோட்டை கட்ட வந்த தளபதி வெர்ஹூஃபைத் தீவுக்காரர்கள் மறைந்திருந்து கொன்றார்கள். அந்தக் கப்பல்களில் வந்தவர்களில் ஒரு இளைஞன், யான் பீட்டர்ஸோன் கூன். 1621-இல் அதே ஆள் டச்சுக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாகப் படையோடு திரும்பி வந்தார். சண்டையில் தோற்ற பெரியவர்களிடம் மறுபடியும் ஒரு கையெழுத்து வாங்கினார்கள். கொஞ்ச நாளில் ஒரு ராத்திரி, டச்சுச் சிப்பாய்கள் தங்கியிருந்த மசூதியில் தொங்கிய விளக்கு அறுந்து விழுந்தது. தாக்குதலுக்கு இதுதான் சைகை என்று பதறி, இருட்டில் சுட ஆரம்பித்தார்கள். அதுவே சதி என்றானது. சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். மே 8-ஆம் தேதி நாசாவ் கோட்டை வாசலில் 44 பெரியவர்களை ஜப்பானியக் கூலிப்படையை வைத்து வெட்டிக் கொன்றார்கள்.

தீவுகளில் சுமார் 15,000 பேர் இருந்திருப்பார்கள் என்பது கணக்கு. வெட்டியும் பட்டினி போட்டும் நாடு கடத்தியும் முடித்தபோது மிஞ்சியது ஆயிரம் பேர் அளவுக்குத்தான். எண்ணூறு பேர் போலப் பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகப் போனார்கள். மரங்கள் மட்டும் பத்திரமாக நின்றன. நிலத்தை 68 தோட்டங்களாகப் பிரித்துக் கம்பெனி ஆட்களிடம் கொடுத்து, வேலைக்கு வெளியூர் அடிமைகளை இறக்கினார்கள். அப்புறம்தான் ஒரு சிக்கல். ஜாதிக்காய் வளர்க்கிற கைப்பக்குவம் யாருக்கும் தெரியவில்லை. பிடித்துக்கொண்டுபோன பண்டாக்காரர்களில் சிலரையே சொல்லிக்கொடுக்கத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அப்பன் பாட்டன் வைத்த மரம், இப்போது அதன் அடியில் அடிமை.

கம்பெனி முதலாளிகள் என்ன செய்தார்கள்? கொஞ்சம் நிதானமாகச் செய்திருக்கலாம் என்கிற மாதிரி ஒரு கண்டிப்பு. 1627-இல் கூனுக்கு மறுபடியும் அதே பதவி. இன்றைக்கும் நெதர்லாந்தின் ஹோர்ன் நகரத்துச் சதுக்கத்தில் கூன் சிலையாக நிற்கிறார். 2011-இல் ஒரு கிரேன் இடித்து விழுந்தது. தூக்கி நிறுத்தி, அவர் செய்ததைச் சொல்லும் பலகை ஒன்றையும் வைத்தார்கள். கிரேன் எழுதிய விமர்சனம் என்று வைத்துக்கொள்வோம்.

சித்தப்பாவிடம் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான். எதிராளி படிக்க முடியாத மொழியில், பீரங்கிக் கப்பலைக் கரையில் நிறுத்திவைத்து வாங்குகிற கையெழுத்துக்குப் பெயர் ஒப்பந்தமா? டச்சுக்காரர்களுக்கு அந்தக் காகிதம் காய் வாங்குவதற்குத் தேவைப்படவில்லை. பிறகு ஒரு நாள் "நீ வாக்குத் தவறினாய்" என்று சொல்லத் தேவைப்பட்டது. வெறும் கொள்ளை என்றால் ஊரில் நாலு பேர் கேள்வி கேட்பார்கள். ஒப்பந்த மீறலுக்குத் தண்டனை என்றால் வாயடைத்துப் போவார்கள். நானூறு வருஷம் கழித்து சித்தப்பாவும் அதையேதான் டைப் பண்ணுகிறார்.

இங்கிலீஷ்காரர்கள் யோக்கியர்கள் என்று நினைக்க வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பண்டாவைப் பிடித்தவுடன் அவர்கள் செய்த வேலை, கன்றுகளை அள்ளிக்கொண்டு போய் பினாங்கிலும் இன்னும் பல இடங்களிலும் நட்டது. நம் குற்றாலத்தில்கூட இங்கிலீஷ் கம்பெனி ஜாதிக்காய்த் தோட்டம் போட்டது. அம்மா கையில் இருக்கும் காய் எந்த மரத்து வாரிசோ.

1621-இல் படகேறித் தப்பிய கொஞ்சம் பேர் கிழக்கே கெய் தீவுகளில் கரையேறினார்கள். பண்டா எலி, பண்டா எலாட் என்று அங்கே ரெண்டு ஊர் இப்போதும் இருக்கின்றன. பழைய பண்டா மொழியைப் பேசுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பண்டாவில் அதைப் பேச ஆளில்லை.