மனத்திடம் பற்றிப் பாடம் எடுப்பவர்களுக்கு

இளைஞர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று செய்தி வந்தால் போதும், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனத்திடமே இல்லை" என்று எழுத ஒரு கூட்டம் வந்துவிடும். இறந்தவர் சிறுபான்மை இனத்தையோ மதத்தையோ சேர்ந்தவர் என்றால், தன்பாலீர்ப்பாளர் அல்லது திருநர் என்றால், இன்னொரு வரியும் கூடவே வரும்: "அவங்க அப்படித்தான்." இரண்டுமே எரிச்சலைக் கிளப்பும் பேச்சு, இரண்டாவது கொஞ்சம் அதிகமாக. காரணத்தைக் கொண்டுபோய் இறந்தவரின் பிறப்பில் வைத்துவிட்டால், சுற்றி இருந்தவர்கள் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகம் முழுவதும் சுமார் 7,27,000 பேர் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். 15 முதல் 29 வயதுக்குள் இறப்பவர்களின் மரணக் காரணங்களில் அது மூன்றாவது இடத்தில் இருக்கிறது. இந்த வயதினருக்குள்ளும் ஆபத்து சமமாகப் பரவி இருப்பதில்லை. பாகுபாட்டுக்கு ஆளாகும் குழுக்களில், அதாவது அகதிகள், புலம்பெயர்ந்தோர், பூர்வகுடிகள், பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோர்) ஆகியோரிடம் அது அதிகம் என்று அதே நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

"பார்த்தீர்களா, அவர்களிடம்தான் ஏதோ கோளாறு" என்று இங்கேதான் சிலர் கிளம்புவார்கள். சரி, கோளாறு பிறப்பில் இருந்தால் அந்தச் சமூகத்தின் பிள்ளைகள் எங்கே வாழ்ந்தாலும் ஒரே அளவு ஆபத்தில் இருக்க வேண்டுமே? அப்படி இல்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கிட்டத்தட்ட 200 பூர்வகுடிச் சமூகங்கள் இருக்கின்றன. மைக்கேல் சேண்ட்லர், கிறிஸ்டோபர் லலோண்ட் என்ற இரு உளவியலாளர்கள் அங்கே 1987 முதல் 1992 வரை நடந்த இளைஞர் தற்கொலைகளைச் சமூகம் சமூகமாகப் பிரித்துப் பார்த்து, 1998-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பூர்வகுடி இளைஞர்களின் தற்கொலை விகிதம் மற்றவர்களுடையதைவிடப் பல மடங்கு. பிரித்துப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்ட சமூகங்களில் அத்தனை ஆண்டுகளில் ஒரு இளைஞர்கூட அப்படி இறக்கவில்லை என்று தெரிந்தது. வேறு சில சமூகங்களில் விகிதம் நம்பவே முடியாத உயரத்தில் இருந்தது. இரு பக்கமும் பூர்வகுடிகள்தான்.

வித்தியாசம் எங்கே இருந்தது? நிலவுரிமை கேட்டுப் போராடுகிறார்களா, சுயாட்சி இருக்கிறதா, பள்ளி, சுகாதாரம், காவல்-தீயணைப்பு ஆகியவை தங்கள் கையில் இருக்கின்றனவா, பண்பாட்டுக்கென்று ஓர் இடம் உண்டா என ஆறு விஷயங்களை அவர்கள் பார்த்தார்கள். ஆறும் இருந்த சமூகங்களில் இளைஞர் தற்கொலை பூஜ்யம். எதுவுமே இல்லாத இடங்களில்தான் மிக அதிகம். 2007-இல் வந்த இன்னோர் ஆய்வில் மொழியும் சேர்ந்தது. தங்கள் மொழியில் பேசத் தெரிந்தவர்கள் பாதிக்கு மேல் இருந்த சமூகங்களில் விகிதம் மிகக் குறைவு. ஒன்றோடொன்று சேர்ந்து வருவதாலேயே இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "ரத்தத்திலேயே இருக்கிறது" என்ற வாதம் இதோடு செத்துவிடுகிறது.

அப்படியானால் உள்ளே என்னதான் நடக்கிறது? இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003-இல் இதைத் தெளிவாக விளக்கினார். தன்பாலீர்ப்பாளர்களை வைத்து அவர் எழுதியது பிறகு மற்ற சிறுபான்மையினரைப் பற்றிய ஆய்வுகளுக்கும் போனது. எல்லோருக்கும் பொதுவான கவலைகள் இருக்கின்றன: தேர்வு, வேலை, காதல், பணம். சிறுபான்மை இளைஞருக்கு அதற்கு மேல் இன்னொரு சுமை உண்டு. நேரடியான அவமானமும் அடியும் அதில் ஒரு பகுதிதான். அடி விழுமோ என்ற எச்சரிக்கையிலேயே இருப்பது இன்னொன்று. தான் யார் என்பதை மறைப்பது மூன்றாவது. தன்னைப் பற்றிப் பிறர் சொல்வதைத் தானும் நம்பத் தொடங்குவது நான்காவது.

இதில் இரண்டாவதைத்தான் வெளியில் இருப்பவர்கள் புரிந்துகொள்வதே இல்லை. "இப்போ உன்னை யார் என்ன சொன்னாங்க?" என்று கேட்பார்கள். இன்று யாரும் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சிறுபான்மைச் சமூகத்து மாணவி ஒருத்தி வகுப்புக்குள் நுழைந்ததும் யார் பக்கத்தில் உட்காரலாம் என்று கணக்குப் போட்டிருப்பாள். வருகைப் பதிவேட்டில் தன் பெயரை ஆசிரியர் எப்படி உச்சரிப்பார், யார் சிரிப்பார்கள் என்று முன்கூட்டியே உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருப்பாள். எங்கோ ஒரு குற்றச் செய்தி வந்தால் செய்தவனின் பெயர் தன் சமூகத்துப் பெயராக இருந்துவிடக் கூடாதே என்று பயப்படுவாள். ஒன்றுமே நடக்காத நாளிலும் வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளைப் பார்த்துத் திடம் இல்லை என்கிறார்கள்! இத்தனையையும் தாங்கிக்கொண்டு மறுநாளும் பள்ளிக்குப் போகிறவளிடம் திடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

வீட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இன, மதச் சிறுபான்மைப் பிள்ளைக்கு ஒரு ஆறுதல் உண்டு. வெளியே அவமானப்பட்டு வந்தால் வீட்டில் இருப்பவர்களும் அதே அனுபவத்தில் வந்தவர்கள். தன்பாலீர்ப்புள்ள பிள்ளைக்கோ திருநர் பிள்ளைக்கோ பெரும்பாலும் அதுவும் கிடைப்பதில்லை. பலருக்கு முதல் அடி விழும் இடமே வீடுதான். கேத்லின் ரயன் குழுவினர் அமெரிக்காவில் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பதின்பருவத்தில் குடும்பத்தின் புறக்கணிப்பைக் கடுமையாக அனுபவித்த தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு இளைஞர்கள் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னது, அவ்வளவாகப் புறக்கணிக்கப்படாதவர்களைவிட 8.4 மடங்கு அதிகம். திருநர் இளைஞர்கள் 129 பேரிடம் நடந்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று இன்னும் எளிய கேள்வியைக் கேட்டது. வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர்கள் என்ற நான்கில் எத்தனை இடங்களில் நீங்கள் தேர்ந்துகொண்ட பெயரால் அழைக்கிறார்கள்? அப்படி அழைக்கும் ஓர் இடம் கூடினாலே தற்கொலை எண்ணம் 29 சதவீதமும், அதற்கான செயல்கள் 56 சதவீதமும் குறைவாக இருந்தன. சிறிய ஆய்வுதான். இருந்தாலும் பைசா செலவில்லாத இந்தக் காரியத்துக்கு நம் வீடுகளில் நடக்கும் யுத்தத்தை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

சிறுபான்மைச் சமூகங்களுக்குள்ளேயே ஒரு மௌனம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். "ஏற்கெனவே நம்மைக் குறை சொல்லக் காத்திருக்கிறார்கள், இது வெளியே தெரிந்தால் நம் பெயர் இன்னும் கெடும்" என்ற பயம். பயத்துக்குக் காரணம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. விலை கொடுப்பது மட்டும் பிள்ளை. டாக்டரிடம் போவது தள்ளிப்போகிறது, பள்ளிக்குப் பொய் சொல்லப்படுகிறது, கையில் காயம் என்றால் கீழே விழுந்தான் என்று கதை தயாராகிறது. பிரார்த்தனை செய்தால் சரியாகிவிடும் என்பவர்களிடம் சண்டை போட எனக்கு விருப்பமில்லை. பிரார்த்தனையும் செய்யுங்கள், மருத்துவரிடமும் போங்கள். ஒன்று இன்னொன்றைத் தடுக்கவில்லையே.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையை "சீன் போடுகிறான்" என்று சொல்வதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. பெரும்பாலானவர்கள் அதை மறைக்கத்தான் படாதபாடு படுகிறார்கள். பலருக்கு அந்த நேரத்தில் சாகும் எண்ணம் இருப்பதில்லை, தாங்க முடியாத உணர்ச்சியைக் கொஞ்ச நேரம் அடக்க வேறு வழி தெரியாததுதான் காரணம். அதற்காக அலட்சியமாகவும் விட்டுவிட முடியாது. முன்பு தன்னைக் காயப்படுத்திக்கொண்டவருக்குப் பின்னாளில் தற்கொலை ஆபத்து அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியானது. திட்டாதீர்கள், "இனிமேல் செய்ய மாட்டேன்" என்று சத்தியம் வாங்காதீர்கள், ஊரைக் கூட்டாதீர்கள். காயத்துக்கு மருந்து போடுங்கள், பக்கத்தில் இருங்கள்.

அப்புறம், கேளுங்கள். சுற்றி வளைக்காமல், "சாகணும்னு தோணுதா?" என்றே கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பெரியவர்கள் நடுங்குகிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகளின் 2,342 மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். தற்கொலை பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்கு மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களும் கேட்டதால் மோசமாகவில்லை. பதில் "ஆமாம்" என்று வந்தால் பிரசங்கம் வேண்டாம். தனியாக விடாமல், ஆபத்தான பொருட்களைக் கைக்கெட்டாமல் எடுத்து வைத்துவிட்டு, அன்றே மருத்துவ உதவிக்கு அழைத்துப் போங்கள். இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல், நம்பிக்கையான ஒருவரிடமோ நீங்கள் இருக்கும் நாட்டின் உதவி எண்ணிலோ இப்போதே சொல்லுங்கள். காரணத்தைக் கோர்வையாக விளக்க வேண்டும் என்றில்லை. "நான் சரியில்லை, கூட இருங்க" என்றாலே போதும்.

சட்டம் மாறினால் மனசு மாறுமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு தகவல் உண்டு. அமெரிக்காவில் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்த மாநிலங்களையும் அனுமதிக்காதவற்றையும் ஒப்பிட்டு 2017-இல் வந்த ஆய்வில், சட்டம் வந்த மாநிலங்களின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் தற்கொலை முயற்சிகள் 7 சதவீதம் குறைந்திருந்தன. பாலீர்ப்புச் சிறுபான்மை மாணவர்களிடம் 14 சதவீதம். அந்த வயதில் யாரும் கல்யாணம் செய்துகொள்ளப் போவதில்லை. "உனக்கும் இங்கே ஒரு எதிர்காலம் உண்டு" என்று அரசே சொன்னது அவர்கள் காதில் விழுந்திருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

சிகிச்சை வரை வந்து சேர்ந்த பிள்ளைக்கும் தொல்லை முடிவதில்லை. கவுன்சலிங் அறையில் முதல் சில சந்திப்புகள், தன் மதம் என்ன, தன் வீடு எப்படி, ஏன் அப்பாவிடம் எதிர்த்துப் பேச முடியாது என்று வகுப்பெடுப்பதிலேயே கழிகின்றன. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு கவுன்சலர் "உன் குடும்பம்தான் பிரச்சினை, வெளியே வந்துவிடு" என்றால், பிள்ளை அடுத்த முறை வராது. குடும்பத்தை விட்டால் அதற்கு இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? புலம்பெயர்ந்த குடும்பங்களில் நிலைமை இன்னும் கஷ்டம். பெற்றோருக்கு நாட்டின் மொழி தெரியாததால் வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம் எல்லாவற்றுக்கும் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். அம்மாவின் நோயை டாக்டருக்கும் டாக்டர் சொன்ன கெட்ட செய்தியை அம்மாவுக்கும் சொல்லிச் சொல்லி வளர்ந்த பிள்ளை அது. புதிதாக வந்து இன்னும் மொழி பிடிபடாத பிள்ளை என்றால் நேர்மாறு. அங்கே உறவினர் ஒருவரை நடுவில் உட்காரவைத்து, தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்கிறார்கள். மாமாவின் வாய் வழியாக எந்தப் பிள்ளை அதற்கு உண்மையைச் சொல்லும்?

மருத்துவமனைகளிடமும் பள்ளிகளிடமும் நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. தொலைபேசியிலாவது வெளி மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடியுங்கள். வீட்டார் இல்லாமல் பிள்ளையோடு தனியாகப் பேசக் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். பேச்சைத் தொடங்கும் முன்பே எது உங்களோடு இருக்கும், எது வெளியே போகும் என்று சொல்லிவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் யாரிடம் சொல்வீர்கள் என்பதையும், சொல்லும் முன் அந்தப் பிள்ளைக்குத் தெரிவிப்பீர்கள் என்பதையும் சேர்த்து.